ரம்பை மணக்கும் இடம்

ஒரு ஊரிலை ஒரு காடு இருந்ததாம். அந்தக் காட்டுக்குள்ளை ஒண்டு இருந்ததாம். என்ன ஒண்டு எண்டு கேட்டால் பேர் சொல்லக்கூடாதாம். கேளாமல் விட்டால் கதை அதோடை முடிஞ்சுதாம். அண்ணன் கெங்காதரன் பாயில் மல்லாந்து கிடந்துகொண்டு ஒவ்வொரு தரமும் கதையை இப்படித்தான் தொடக்குவான். பக்கத்தில் கிடக்கும் தயாபரன் கேட்காமல் இருக்கப் பார்ப்பான், பல்லைக் கடிப்பான், கூரைக் கிடுகின் ஓட்டைகளைப் பார்ப்பான், கடைசியில் தாங்கமாட்டாமல் "என்ன ஒண்டு?" என்று கேட்டே விடுவான், அந்தக் கணமே அண்ணனின் விரல் இருட்டுக்குள்ளால் வந்து விலாவில் குத்தும், "அதுதான்." அந்தப் பாய் எங்கே, அந்தக் கிடுகு எங்கே, கடல் கடந்து வந்து எத்தனை காலம், ஆனாலும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து மலையடிவாரத்தில் மர்ராபுல் என்கிற சின்ன ஊரின் தகரக்கூரை மண்டபத்தில், பிளாஸ்டிக் கதிரையில், கைகளைத் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டு இருந்த தயாபரனுக்கு அந்த விரல் இன்னும் விலாவில்தான் இருந்தது. மண்டபத்துச் சனம் முழுக்க அந்த ஒண்டைப் பற்றிக் கதைக்கத்தான் கூடியிருந்தது. மலைக்காட்டில் கரியதாய், நீள வாலோடு, நாயைவிடப் பெரிதாய் ஏதோ உலாவுகிறது என்று வருடக்கணக்காக ஆராவது ஒருவர் கண்டுகொண்டே இருக்கிறார். கண்டவரை மற்றவர்கள் பகிடி பண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். இந்தச் சனிக்கிழமைப் பின்னேரம் பல்கலைக்கழகத்திலிருந்து ஹானா என்ற ஆய்வுக்காரப் பெட்டை வந்து சுவரில் பெரிய வரைபடத்தைத் தொங்கவிட்டு, கிண்ணம் நிறையக் குண்டூசிகளோடு நின்றாள். கண்டவர்கள் எழும்பிச் சொல்ல வேண்டும், அவள் ஊசி குத்துவாள். அவ்வளவுதான். "ஒண்டும் யோசியாதை, அப்பன்," என்று பக்கத்துக் கதிரையில் இருந்த மார்ஜ் அவன் முழங்காலில் தட்டினாள். "உன்ரை முறை வரேக்கை எழும்பி உள்ளதைச் சொல்லு."

அவள் சொன்னது ஆங்கிலத்தில். காதுக்குள் ஆங்கிலமாகப் போவது தலைக்குள் வன்னித் தமிழாகத்தான் விழும் அவனுக்கு. இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் கூப்பிடுகிற அந்த 'மேட்', மார்ஜின் வாயால் வந்தால் அப்பன் ஆகும், முன்வரிசையில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிற டெஸ்ஸின் வாயால் வந்தால் மச்சான் ஆகும். மார்ஜுக்கு எழுபது தாண்டியிருக்கும். புருசன் செத்த பிறகும் தனி ஆளாக ஒலிவ் தோட்டத்தைக் கட்டி ஆளுகிறவள். அவளிடம்தான் தயாபரன் கொப்பு வெட்டுகிறான், காய் பறிக்கிறான், பம்பைத் திருத்துகிறான். வருகிற செவ்வாய்க்கிழமை நகரத்தில் அவனுடைய அகதி வழக்கின் கடைசி விசாரணை. அதில் அவன் பக்கம் வந்து சாட்சி சொல்லப் போகிறவளும் அவள்தான். எனக்காக அவள் அங்கே எழும்புவாள், அவளுக்காக நான் இங்கே எழும்ப வேண்டும், கணக்குச் சரிதானே என்று அவன் தன்னையே கேட்டுப் பார்த்தான். சரியில்லை. பின்வரிசையில் உள்ளூர்ப் பேப்பர்க்காரன் கமராவை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறான். வழக்கறிஞர் பிள்ளை போன கிழமையும் சொல்லிவிட்டாள், "தயா, செவ்வாய் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருங்கோ, அந்தச் சொல்லைப் பகிடிக்கும் சொல்லாதேங்கோ." எந்தச் சொல்? புலி என்று தமிழில் ஒன்றுதான் இருக்கிறது, வன்னியில் காட்டுச் சிறுத்தைக்கும் அதுதான், இயக்கத்துக்கும் அதுதான், அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தால் இரண்டாக உடைகிறது. தேநீர்க் கொதிகலன் மூலையில் சீறிக்கொண்டிருந்தது. மேசையில் தேங்காய்ப்பூ தூவிய கேக் துண்டுகள். தேங்காய்ப்பூவைக் கண்டதும் வாய் ஊறியது, பயந்திருக்கிற நேரத்திலும் வாய் ஊறுகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

மந்தை மேய்க்கிற ஒருத்தன் எழும்பி மகாயுத்த காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் செல்லமாகக் கொண்டுவந்த பெரும்பூனைக் குட்டிகளைக் காட்டில் விட்டுவிட்டுப் போனார்களாம், அதின் வம்சம்தான் இது என்றான். இன்னொருத்தி, இல்லை, சர்க்கஸ் லொறி கவிழ்ந்து தப்பினது என்று தன் பாட்டன் சொன்னவர் என்றாள். "எப்பிடிப் பார்த்தாலும் கப்பலிலை வந்ததுதான்," என்று டெஸ் திரும்பித் தயாபரனைப் பார்த்துக் கண் அடித்தான். "உன்னைப் போலத்தான் மச்சான். விசா இல்லை, காட்டுக்குள்ளை ஒளிச்சு நிக்குது." சனம் சிரித்தது. தயாபரனும் சிரித்தான், சிரித்தால் சுலபம். டெஸ் முந்தி பள்ளிக்கூட பஸ் ஓட்டினவன், எந்தச் சாவீட்டிலும் பகிடி விடுகிறவன், அவனில் கோபிக்க முடியாது. மார்ஜ் மட்டும் சிரிக்கவில்லை. "வாயைப் பொத்து டெஸ், அவன் கண்டவன்," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. அவன் ஒரு நாளும் கண்டேன் என்று சொன்னதில்லை. புதன்கிழமை மத்தியானம் அவள் நேரே கேட்டபோதும் இல்லை என்றுதான் சொன்னவன். ஆனால் அவனுடைய கால்கள் சொல்லிவிட்டன.

புதன்கிழமை. ஒலிவ் நிரையின் மேற்கு முடிவில், வேலிக்கு அப்பால் காடு தொடங்குகிற இடம். நல்ல வெயில். வெள்ளைக் கொண்டைக் கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. அந்தக் கத்தல் நின்றபோதுதான் அது இருந்தது என்பதே தெரிந்தது. கையில் கத்தரிக்கோல், காலடியில் வெட்டின கொப்புகள். முதலில் வந்தது மணம். ரம்பை. கிணற்றடியில் நிற்கும் ரம்பை, கறிக்குப் போடுகிற ரம்பை இலை, ஈரமாக, பச்சையாக, இப்போதுதான் நறுக்கினது போல. இந்த நாட்டில் அதை நகரத்துக் கடையில் உறைபெட்டிக்குள் கல்லுப் போலத்தான் கண்டிருக்கிறான், இந்தக் குளிரில் அது முளைக்கவும் மாட்டாது. உடம்பு நின்றுவிட்டது. காட்டுக்குள்ளை ரம்பை மணந்தால் அது கிட்ட நிக்குது, நில், ஓடாதை, முதுகைக் காட்டாதை, முகத்தைக் காட்டிக்கொண்டு பின்னாலை பின்னாலை நட: அவனைப் பெற்ற ஐயா சொன்னது, ஐயாவின் வாயால் அல்ல, கால்களுக்குள்ளே இருந்து சொன்னது. பிறகு அவன் அதைக் கண்டான். கடைசி மரத்தின் நிழலில் நிழலைவிடக் கொஞ்சம் கூடின நிழல். கறுப்பு என்று சொன்னால் பிழை, மழையில் நனைந்த மரப்பட்டையின் நிறம். தோள் எலும்பு இரண்டும் முதுகுக்கு மேலே ஏறி இறங்கின. அது குந்தி இருந்தது, ஒரு பக்கம் தலையைச் சரித்துக் காதைத் தட்டியது, அவ்வளவுதான், அதில்தான் அவனுக்குத் தலை சுற்றியது, ஏனென்றால் அண்ணனும் அப்படித்தான், கிணற்றில் முழுகிவிட்டு வந்து குந்தியிருந்து, ஒரு பக்கம் தலையைச் சரித்து, காதுக்குள் போன தண்ணீரைத் தட்டுவான். தயாபரன் பின்னோக்கி நடந்தான். கொப்பு தடக்கியது, விழவில்லை. ஒரு மரம், இன்னொரு மரம், நிரை முழுவதும் பின்னோக்கி நடந்து களஞ்சியத்துச் சுவரில் முதுகு முட்டும் வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. அங்கே மார்ஜ் வாளியோடு நின்றாள். "என்னத்தைக் கண்டனீ?" "ஒண்டுமில்லை." "ஒண்டுமில்லாததுக்கு ஆரும் இப்பிடி நடந்து வருவாங்களோ, அப்பன்?"

ஒண்டுமில்லை. ஒண்டு இல்லை. ஒண்டு இருந்ததாம். மண்டபத்தில் ஒரு நீலச் சட்டைக்காரர் எழும்பி வாலின் நீளம், மீசையின் நீளம், பார்த்த தூரம் எல்லாம் அளந்து அளந்து சொல்லிக்கொண்டிருந்தார். கருஞ்சிறுத்தை என்றார், ஒரு தரம் அல்ல, பல தரம். பேர் சொல்லுகிறார், வாய் கூசாமல் சொல்லுகிறார். காட்டோரத்துச் சனம் பேர் சொல்லாது. வன்னியில் அவர்களுடைய குடியிருப்பில் அதற்குப் பெரியவர் என்று பேர். பெரியவர் இரவு வந்து வேலியடியில் நிண்டவராம். பெரியவர் கந்தையரின்ரை கன்றைக் கொண்டு போயிட்டாராம். மரியாதையாகச் சொன்னால் மரியாதையாக ஒதுங்கிப் போவார் என்று ஒரு நம்பிக்கை, நம்பிக்கை கூட இல்லை, பழக்கம். பிறகு இயக்கப் பொடியள் அந்தக் காட்டுக்குள் முகாம் போட்டார்கள். அவர்களுக்கும் சனம் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பொடியள் என்றார்கள், இயக்கம் என்றார்கள், அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவரைப் பற்றிக் கதைத்தால் குரலைத் தாழ்த்திப் பெரியவர் என்றார்கள். இரண்டு பெரியவர்கள். அப்போது அதில் ஒரு குழப்பமும் இருந்ததாக ஞாபகம் இல்லை. கன்றைக் கொண்டு போனவர் ஆர், கூட்டம் வைத்தவர் ஆர் என்று கேட்காமலே விளங்கும். கேட்காமலே விளங்காத ஒரு நாள் வரும் என்று ஆர் கண்டது.

அந்த நாள். அண்ணன் காலையில் கிணற்றடியில் ரம்பை வெட்டி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வேலிக்குத் தடி வெட்டப் பக்கத்து வீட்டுச் செல்லத்துரை அண்ணையோடு காட்டுக்குப் போனான். போகும்போது தயாபரனின் விலாவில் ஒரு குத்து. பின்னேரம் செல்லத்துரை அண்ணை மட்டும் ஓடிவந்தார், வாய் கோணி, நெஞ்சு அடித்து, வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு. "அக்கா, கெங்காவைப் பெரியவர் கொண்டு போயிட்டார்." அவ்வளவுதான் சொன்னது. அதற்குள் ஷெல் விழத் தொடங்கிவிட்டது. தன் பெண்சாதி பிள்ளைகளை இழுக்க ஓடினார், போகிற வழியிலேயே விழுந்தார், பிறகு எழும்பவில்லை. அந்த ஒரு வசனத்தை இன்னொரு தரம் திருப்பிச் சொல்ல உலகத்தில் ஆளில்லாமல் போயிற்று. அம்மா தலையில் அடித்துக்கொண்டு முகாம் வாசலுக்கு ஓடினா. ஐயா அந்தக் கணமே கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்கு ஓடினார். ஒரே வசனம், ஒரே முற்றம், இரண்டு பேர் இரண்டு பக்கமாக ஓடினார்கள். தயாபரன் நடுவில் நின்றான், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல். இன்னும் நிற்கிறானோ? இந்தக் கதிரையில் இருக்கிறவன் வேறு ஆளோ? காட்டில் ஐயா கண்டது அண்ணனின் கத்தியும் வெட்டின தடிகளும். இரத்தம் இல்லை. மழை கழுவிப்போட்டுது என்றார். அந்த இடத்தில் ரம்பை மணந்தது என்றார், சத்தியம் பண்ணினார். "மணக்கும்தானே," என்று அம்மா கத்தினா, "காலமை எனக்கு ரம்பை வெட்டித் தந்திட்டுப் போன பிள்ளையின்ரை கை மணக்காமல் என்ன செய்யும்? என்ரை பிள்ளை நிண்ட இடம் அது. உங்கடை பெரியவர் நிண்ட இடம் இல்லை." முகாமில் அப்படி ஒரு பிள்ளை எங்களிடம் இல்லை என்றார்கள். அம்மா அதை நம்பவில்லை. காட்டுப் பெரியவர் மனுசரைத் தொடமாட்டார் என்று ஊரில் சொன்னார்கள். ஐயா அதை நம்பவில்லை. இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் ஐயா ஒவ்வொரு காட்டு விளிம்பிலும் மூக்கை நீட்டி மணந்து பார்த்துக்கொண்டு போனார், அகதி முகாம் கூடாரத்தில் காய்ச்சலில் சாகும்போதும் அண்ணனின் கத்தி தலைமாட்டில் இருந்தது. அம்மா இன்னும் இருக்கிறா. காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் குந்தியிருக்கிற ரோட்டோரக் கொட்டகையில், மடியில் அண்ணனின் படத்தோடு, வெயிலில் நிறம் போய்ப்போய் அந்தப் படத்தில் இப்போது சிரிப்பு மட்டும்தான் மிச்சம்.

நாளைக்கு ஞாயிறு, அம்மாவுக்குப் போன் எடுக்கிற நாள். என்ன சாப்பிட்டனீ என்று கேட்பா. அம்மா, நான் இங்கை ஒண்டைக் கண்டனான் என்று சொன்னால்? போனில் அதைச் சொல்ல முடியுமோ, ஆர் கேட்கிறானோ, அம்மா பதறி வைத்துவிடுவா. பேர் சொல்லாமல் சொன்னால் பெரியவரைக் கண்டனான் என்றுதான் சொல்ல வேண்டும், அம்மா எந்தப் பெரியவர் என்று கேட்பா, இவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி போன் வழியாக வந்து காதில் விழும். அதைவிடச் சும்மா சோறும் பருப்பும் என்று சொல்லலாம். முதல் விசாரணையில் அவன் பெரியவர் என்றுதான் சொன்னான். என் அண்ணனைப் பெரியவர் கொண்டு போனார். மொழிபெயர்க்க வந்தவர் சென்னைக்காரர், நல்ல மனுசன், அவனுக்குத் தண்ணீர் கூட எடுத்துத் தந்தவர். வயதான ஒருவர் அண்ணனைக் கூட்டிப் போனார் என்று அதிகாரிக்குச் சொல்லிவிட்டார். எந்த வயதான ஆள், என்ன பேர், எங்கே இருக்கிறார் என்று அதிகாரி கேட்கத் தொடங்க, தயாபரனுக்கு ஒன்றும் விளங்காமல் போய், கடைசியில் வேறு வழியில்லாமல், பிறந்து வளர்ந்து ஒரு நாளும் வாயால் சொல்லாத சொல்லைச் சொன்னான். புலி. அறை குளிர்ந்தது. அதிகாரி பேனையை வைத்தார், எடுத்தார். மொழிபெயர்ப்பாளர் அவன் பக்கம் சரிந்து, "தம்பி, ஒருமையா பன்மையான்னு கேக்கறாங்க. மிருகமா, இயக்கமா?" என்றார். தெரியாது என்றான். உன் சொந்த அண்ணனைக் கொண்டு போனது மிருகமா ஆயுதம் தாங்கின ஆட்களா என்று உனக்குத் தெரியாதா? தெரியாது. நம்பக்கூடிய சாட்சி அல்ல என்று முடிவு வந்தது. நம்பக்கூடியது எது? வழக்கறிஞர் பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னாள், "ஒண்டைச் சொல்லுங்கோ தயா. இயக்கம் எண்டு சொல்லுங்கோ. ரெண்டும் எண்டால் அங்கை ஒண்டும் இல்லை." செவ்வாய்க்கிழமை அதைச் சொன்னால் இங்கே இருக்கலாம். சொன்னால் ஐயா காடு காடாய் மணந்து திரிந்தது விசர், பயித்தியம் என்றாகும். மற்றதைச் சொன்னால் அம்மா வெயிலில் குந்தியிருப்பது விசர் என்றாகும். ஒரு நிமிசத்து வேலை, ஒரு சொல், இரண்டில் ஒன்றைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வர வேண்டியதுதான். இரவுகளில் அவன் ஒத்திகை பார்த்திருக்கிறான். இயக்கம் என்று சொல்லிப் பார்ப்பான், ஐயா கூடாரத்துக்குள்ளிருந்து பார்ப்பார். பார்த்துவிட்டுக் கத்தியைத் தலைமாட்டில் சரிசெய்து வைப்பார்.

மார்ஜ் எழும்பினாள். தன் கதையைச் சொன்னாள்: கன காலத்துக்கு முன், டிராக்டரில் இருந்து, அருவிக்கரையில் அதின் முதுகை மட்டும். வீட்டுக்கு வந்து புருசனிடம் சொன்னபோது அவர் சிரித்தாராம், கடைக்காரன் சிரித்தானாம், பிறகு அவள் பொருள் வாங்கப் போகிற நேரமெல்லாம் ஆராவது பூனை மாதிரிக் கத்துவாங்களாம். "என்ரை மனுசன் சாகிற வரைக்கும் நம்பேல்லை," என்றாள், கோபமில்லாமல். "நல்ல மனுசன். ஆனால் நம்பேல்லை. ஒரே கட்டிலிலை படுத்தம்." தயாபரனின் தோளில் கையை வைத்தாள். "இவன் கண்டவன். நிரை முழுக்கப் பின்னாலை நடந்து வந்தவன். நான் பார்த்துக்கொண்டு நிண்டனான்." சொல்லிவிட்டு இருந்தாள். கதிரை முனகியது. முதுகு கூனி இருக்கிற இந்த மனிசிக்கு இந்த ஊரில் ஒரேயொரு ஆள் வேண்டியிருக்கிறது, தன்னோடு சேர்ந்து சிரிப்பு வாங்க ஒரேயொரு ஆள். ஹானா அவனைப் பார்த்தாள். பேப்பர்க்காரன் கமராவைக் கையில் எடுத்தான். எழும்பினால் செவ்வாய்க்கிழமை மேசையில் இந்தப் பேப்பர் கிடக்கும்: அண்ணனைப் புலி கொண்டு போனது என்றவன் இங்கேயும் புலி கண்டானாம். அவன் நிலத்தைப் பார்த்தான். பலகையில் ஒரு முடிச்சு, கண் மாதிரி. உண்மையிலேயே கண்டேனா? மணம் வந்தது. மணம் வரும், வீட்டு நினைவு வந்தால் மணமும் வரும், அம்மா சொன்னது போல கையின் மணமாக இருக்கலாம். நிழல் நிழலாக இருக்கலாம். பயித்தியம் பிடித்தவர்கள் முதலில் மணத்தைத்தான் காண்பார்களாம். இல்லை என்று ஒரு தலையாட்டல் போதும். மார்ஜ் கோபிக்க மாட்டாள், அதுதான் பெரிய கஷ்டம், நல்ல பிள்ளை ஆனால் கண்டதைச் சொல்லேல்லை என்று நினைத்துக்கொண்டே நகரத்துக்கு வந்து அவனுக்காக எழும்புவாள்.

அவன் தலையைத் தூக்குவதற்கு முன்னால் டெஸ் எழும்பினான். ஆரோ முற்கூட்டியே சிரித்தார்கள், பகிடி வரப்போகிறது என்று. டெஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றினான், சுற்றிக்கொண்டே இருந்தான். "பஸ் ஓடின காலத்திலை," என்றான். "கடைசிப் பிள்ளையை இறக்கிப்போட்டு வரேக்கை. பாலத்துக்குக் கிட்ட ரயர் காத்துப் போய், இறங்கினனான்." மார்ஜ் பக்கம் திரும்பினான். "நான் இதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை, மார்ஜ். உனக்குப் பூனை மாதிரிக் கத்தினவங்களிலை நானும் ஒருத்தன்." தொப்பி கையில் இன்னொரு சுற்றுச் சுற்றியது. "அது ரோட்டைக் கடந்து போச்சு. அவசரப்படாமல். எப்பிடி இருந்தது எண்டு கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, வாலும் ஞாபகம் இல்லை, ஒரு மண்ணும் ஞாபகம் இல்லை. ஒண்டு மட்டும். சோறு கொதிக்கிற மணம். அந்தக் காட்டு ரோட்டிலை, வீடு வாசல் இல்லை, சோறு கொதிக்குது. சோத்தோடை ஏதோ இலையும். என்ரை வீட்டிலை ஆரும் சோறு காய்ச்சுறேல்லை. இண்டைக்கும் ஒரு சீனக் கடைக்குள்ளை போனால் என்ரை கால் நடுங்கும்." யாரோ மூக்கால் சிரிப்பை விட்டார்கள். டெஸ் சிரிக்கவில்லை. அது என்று சொன்னான், கவனித்தாயா, அது என்றுதான் சொன்னான், பேர் சொல்லவில்லை. தயாபரன் தலையைத் தூக்கினான். ரம்பை போட்ட சோறு. இந்த மனுசனின் அம்மா ரம்பை வெட்டினவள் அல்ல, இந்த மனுசனுக்கு அண்ணன் இல்லை, கிணற்றடி இல்லை. அப்படியென்றால் மணம் என் மூக்கிலிருந்து வரவில்லை. அப்படியென்றால் இங்கே, இருக்கவே முடியாது என்று எல்லாரும் சொல்லுகிற இடத்தில், அது இருக்கிறது. அப்படியென்றால் ஐயா சரி. ஐயா மணந்தது அதைத்தான். அண்ணனின் எலும்பு எங்கேயோ ஒரு பற்றைக் காட்டுக்குள். ஆனால் பொறு, இருக்கவே முடியாது என்று எல்லாரும் சொல்லுகிற இடத்தில் ஒண்டு இருக்குமென்றால் அண்ணனும் எங்கேயோ இருக்கலாமே, இல்லை இல்லை என்று எத்தனை வாசலில் சொன்னாலும், குந்தியிருந்து, தலையைச் சரித்து, காதைத் தட்டிக்கொண்டு. அப்படியென்றால் அம்மாவும் சரி. அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது, சிரிப்பும் வரும்போல இருந்தது. இரண்டு பேரும் ஒரே மணத்தைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு பக்கமாக ஓடினார்கள். நடுவில் நின்ற பொடியனை ஒருத்தரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான், தெரியாது என்பது.

எழும்பியது அவனுக்கே தெரியாது. கதிரை பின்னால் சரிந்து விழுந்த சத்தத்தில்தான் நிற்கிறேன் என்று தெரிந்தது. "கண்டனான்," என்றான், ஆங்கிலத்தில், குரல் தரைப் பலகைக்குள் போய்விட்டதால் இன்னொரு தரம் சொல்ல வேண்டி வந்தது. "புதன்கிழமை. நிரையின்ரை முடிவிலை. நான் மார்ஜுக்கு இல்லை எண்டு சொன்னது பொய்." கமரா ஒரு தரம் வெளிச்சம் அடித்தது. ஹானா கேட்டாள், "அது என்ன எண்டு நினைக்கிறீங்கள்?" நீலச் சட்டைக்காரர் எடுத்துக் கொடுத்தார், "கருஞ்சிறுத்தைதானே, சொல்லும் ஐசே." பின்னாலிருந்து ஒரு குரல், "டைகரோ?" சனம் சிரித்தது. சிரித்த வாய்களை அவன் பார்த்தான், கெட்ட சனம் இல்லை, சும்மா சிரிக்கிற சனம். "எங்கடை ஊரிலை அதுக்குப் பேர் சொல்லுறேல்லை," என்றான். "அதாலை ஒருக்கா பெரிய பிழை வந்தது. எண்டாலும் சொல்லுறேல்லை. நான் கண்டனான். என்ன எண்டு தெரியாது." தெரியாது என்ற சொல் அந்தக் குளிர்ந்த அறையில் விழுந்தது போல விழவில்லை. அது எங்கேயோ இறங்கி, நின்றது. ஹானா கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் துழாவினாள். சிவப்பு ஊசி நிச்சயமாக இன்னது என்று சொன்னவர்களுக்கு, நீலச் சட்டைக்காரருக்குச் சிவப்பு. அவள் வெள்ளை ஊசி ஒன்றை எடுத்து மார்ஜின் வேலிக்கும் காட்டுக்கும் நடுவில் குத்தினாள். "தெரியாததுக்கும் ஊசி இருக்குதோ?" என்று தயாபரன் கேட்டுவிட்டான். "அதுதான் கிண்ணத்திலை கூடுதலா இருக்கு," என்றாள் அவள், அடுத்த ஆளைப் பார்த்தபடி. அடுத்த ஆள் எழும்பி வேறு என்னவோ சொன்னார். அவன் காதில் கொதிகலனின் சீறல் மட்டும் கேட்டது. மார்ஜ் விழுந்த கதிரையை நிமிர்த்தி வைத்து அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து இருத்தினாள். பிடித்த நுனியைக் கூட்டம் முடியும் வரைக்கும் விடவில்லை.

கூட்டம் கலைந்தது. ஹானா வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனாள், ஊசிகளைக் கழற்றாமலே. பேப்பர்க்காரன் அவனுடைய பேரை எழுத்துக்கூட்டிக் கேட்டான், அவன் கூட்டிச் சொன்னான், பிழைவிடாமல். டெஸ் வாசலில் அவனை மறித்து, "பகிடிக்குச் சொன்னனான் மச்சான், விசாக் கதையை," என்றான். பிறகு தாழ்ந்த குரலில், "என்ன இலை அது?" என்று கேட்டான். "ரம்பை." டெஸ் அதைச் சொல்லிப் பார்த்தான், வாய்க்குள் வரவில்லை, இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டே தன் வண்டியை நோக்கிப் போனான். மிஞ்சினது மார்ஜும் அவனும், அடுக்க வேண்டிய கதிரைகளும். அடுக்கிக்கொண்டே அவள் கேட்டாள், "செவ்வாய்க்கிழமை என்ன சொல்லப் போறாய்?" "தெரியாது எண்டு." "சொல்லப்போறது தெரியாதோ, தெரியாது எண்டு சொல்லப் போறியோ?" "ரெண்டாவது." அவள் கதிரையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "அதுக்கு அவங்கள் உன்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள், அப்பன்." "அனுப்பலாம்." "அந்த வழக்கறிஞர் பெட்டை உன்னைக் கொல்லுவாள்." "ஓம்." மார்ஜ் தேங்காய்ப்பூக் கேக் துண்டுகளில் மிஞ்சினதைக் கடதாசியில் சுற்றி அவன் சட்டைப்பைக்குள் திணித்தாள், கையைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள். "அப்ப நானும் அங்கை வந்து அதைத்தான் சொல்லுவன். இவனுக்குத் தெரியாது, தெரியாது எண்டு சொல்லுறவன், அதாலை இவன் சொல்லுறதை நம்பலாம் எண்டு. அதுக்குமேலை எனக்கும் தெரியாது." வண்டியைத் திருப்பிக்கொண்டு வாறன், வாசலைப் பூட்டு என்றுவிட்டு வெளியே போனாள். படியில் இறங்கினவள் காட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்து, பகிடிக்குப் போல இரண்டு மூன்று அடி பின்னோக்கி நடந்து காட்டினாள். நாலாவது அடியில் பகிடி முகத்திலிருந்து போய்விட்டது. பிறகு திரும்பி வேகமாக நடந்து மண்டபத்தின் மூலையில் மறைந்தாள்.

அவன் கதவைப் பூட்டினான். விளையாட்டுத் திடலுக்கு அப்பால் மரங்கள், பின்னேர வெயில் தண்டுகளில் மட்டும், அவற்றுக்கு இடையில் இருட்டு ஏற்கெனவே வந்து குந்தியிருந்தது. கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. மணம் ஒன்றுமில்லை, தேங்காய்ப்பூ, பழைய பலகை, புல். அவன் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான், ஐயா பழக்கினபடி. எந்த வயதிலிருந்து இப்படி நிற்கிறான், படலைக்கும் காட்டுக்கும் நடுவில், கண்ணை எடுத்தால் ஏதோ ஒன்று போய்விடும் அல்லது வந்துவிடும் என்று. கிளிகளின் கத்தல் நின்றது. என்ன ஒண்டு, அண்ணா? விலாவில் அந்த விரல் பட்டது, அல்லது படவில்லை. எது என்று அவன் கேட்டுப் பார்க்கவில்லை. பூட்டின சாவியைப் பைக்குள் போட்டான், கேக் பொட்டலம் சரசரத்தது, நாளைக்கு அம்மா என்ன சாப்பிட்டனீ என்று கேட்டால் சொல்ல ஒன்று இருக்கிறது. பிறகு, பிறந்ததிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தான்: காட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான், மார்ஜின் வண்டி வரப்போகிற ரோட்டைப் பார்த்து, ஓடாமல், பின்னால் பார்க்காமல், நடந்து போனான்.